அம்மா யாரைச் சந்தேகப்பட்டாள்

ஆக்லாந்தில் என் பிரியமான கதைத் துப்பறிவாளருக்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. நான் குடியிருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயிலேறித் தனியாகப் போனேன். அவருடைய அறை என்று அமைத்திருந்த இடத்தில் புகையிலை டப்பா திறந்திருந்தது. அந்த வாசனைக்கு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் போலவே மடியில் சுளவு முறம், அதில் பீடித்தூளும் வெட்டிய இலையும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் பீடி சுற்றச் சுற்ற, நான் இவருடைய கதைகளைத் தமிழில் வாசிப்பேன். கடைசி அத்தியாயம் வந்ததும் நிறுத்தச் சொல்வாள்.

“சொல்லிராதய்யா, நானே கண்டுபிடிக்கேன்.”

மறுநாள், “அந்த டாக்டருதான். ரொம்பக் குழையுதான்” என்பாள். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். “உன் துப்பறியுதவனுக்கு ஒண்ணும் தெரியல” என்று அவரையே திட்டுவாள்.

நான் இங்கே கிளம்பும்போதும் ஒரு கதை கடைசி அத்தியாயத்தில் நின்றது. “லீவுக்கு வந்து வாசிய்யா, யோசிச்சு வைக்கேன்” என்றாள். ஃபோனில் எத்தனை தடவை கேட்டும் யாரென்று சொல்லவில்லை. நான் ஊருக்குப் போனது அவள் காரியத்துக்குத்தான்.

வெளியே வரும்போது, வாசலில் இருந்த பெண்மணி எல்லாக் கதையும் படித்தாயிற்றா என்று கேட்டார்.

“ஒன்றில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.”

“அதையும் படித்துவிடுங்கள், கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும்” என்று சிரித்தார்.

தெரிந்துவிடும். அம்மா யாரை நினைத்து வைத்திருந்தாள் என்பது அதில் இருக்காது.