உளுந்துச் செடி மேல் ஏறிய வண்டி

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள், கூத்தாநல்லூருக்கு வந்து அஸாரின் வலது கையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ஜாஹித் எங்கள் தெருக்காரன். கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிற ஆள் இல்லை. நடந்ததை மட்டும் சொல்வான். அதையும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவான்.

ஷார்ஜாவிலிருந்து திரும்பியதிலிருந்து அவனுக்குத் தன் பழைய வெள்ளைக் கார் மேல் பைத்தியம். சைலன்சர், பிரேக், டயர் எல்லாம் மாற்றியாயிற்று. பாக்கி சூப்பர்சார்ஜர் ஒன்றுதான். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பொறி அது. மாட்டினால் வண்டி பறக்கும். அவன் மனைவி ஹுமைராவுக்கு இந்தப் பேச்சே வேப்பங்காய். அவள் தம்பி அஸாருக்கோ, மச்சான் எது செய்தாலும் சரிதான்.

அஸார் வெல்டர். கத்தாரில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஃபிளைட். அந்தக் கையை நம்பித்தான் மொத்தக் குடும்பமும் இருந்தது.

"எங்க வேணா கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஹுமைரா. "முழுசாக் கொண்டாந்து விட்டுடணும்."

"ஏன், நான் என்ன அவனைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்று சிரித்தான் ஜாஹித்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரம் காதர் மைதீனின் ஷெட். மெக்கானிக். மேசை மேல் இரண்டு சூப்பர்சார்ஜர்களை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு, நத்தை ஓடு மாதிரிச் சுருண்டது. இன்னொன்று வேறு வண்டியில் கழற்றிய பழசு.

"புதுசையே போட்டுக்க தம்பி. தொல்லை இல்ல."

"அது வேகம் ஏறினப்புறம்தான இழுக்கும், காதர் நானா? நம்ம ரோட்டுல மதகுக்கு மதகு வளைவு. அந்த வேகத்துக்கு நான் எங்க போறது? பழசு, மிதிச்ச உடனே தள்ளும்."

நியாயமான பேச்சு. விவரம் தெரிந்தவன் அதைத்தான் எடுப்பான்.

"எந்த வண்டியில இருந்தது இது?"

காதர் மைதீன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பேராவூரணிப் பக்கம். அடிபட்ட வண்டி."

"ஆளுக்கு?"

"ஓட்டினவன் நல்லாத்தான் இருக்கான்."

அதற்கு மேல் ஜாஹித் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அஸார் அந்தப் பழசின் புல்லியை, பெல்ட் மாட்டுகிற சக்கரத்தை, கையால் சுழற்றிப் பார்த்தான். உள்ளிருந்து ஓர் உளுந்து விழுந்து மேசையில் உருண்டது. அவன் கையை எடுத்ததும் புல்லி தானாக அரைச் சுற்று பின்னால் சுற்றி நின்றது.

"உள்ள ஸ்பிரிங் இருக்கா நானா?"

காதர் மைதீன் அந்த உளுந்தை விரலால் சுண்டிக் கீழே தள்ளினார்.

பழசைப் பொருத்தி முடித்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார். ஜாஹித்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூப்பிடுவதற்கு முன்பே இருவரும் போய் நின்றார்கள். நல்ல உச்சி வெயில். காதர் மைதீன் சாப்பிடப் போயிருந்தார். பானட் மூடியிருந்தது. சாவி ஆணியில் தொங்கியது.

"முடிஞ்சிருச்சு போல மச்சான். ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடுவோம்," என்றான் அஸார். அவன் ஓர் அவசரக் குடுக்கை. ஜாஹித் அவனுக்கு மேல்.

வடுவூர் தாண்டும் வரை வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. மிதித்தால் முனகியது. இதற்கா இவ்வளவு பாடு என்று ஜாஹித்துக்கு எரிச்சல்.

அப்போதுதான் ரோட்டில் உளுந்துச் செடி தெரிந்தது. பங்குனியில் எங்கள் பக்கம் இது வழக்கம். பிடுங்கிய செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி உளுந்து உதிரும். ஒதுங்கிப் போனால்தான் கோபிப்பார்கள்.

ஓரத்தில் ஒரு பெண் நின்று, மேலே ஏற்றச் சொல்லிக் கை காட்டினாள். தலைமுடியை விரித்துப் போட்டிருந்தாள். முழங்கால் வரை தொங்கியது.

"அந்தம்மா கூப்பிடுது பாரு," என்று ஜாஹித் வண்டியை ஏற்றினான்.

"எந்தம்மா?" என்றான் அஸார்.

செடி நொறுங்கியது. சட்... சட்... சட்.

பிறகு அந்தச் சத்தம். ஊய்ய்ய்ய்... என்று பானட்டுக்குள்ளிருந்து.

வண்டி பாய்ந்தது. ஜாஹித் காலை எடுத்தான். வேகம் குறையவில்லை. பிரேக்கை மிதித்தான். பிடிக்கவில்லை. புளியமரம் ஒன்று கண்ணாடிக்கு நேராக வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். வாய்க்கால் கரையில் மோதி நின்றது.

சாவியைத் திருப்பிப் பிடுங்கினான். எஞ்சின் நின்றது.

ஊய்ய்ய்ய்... நிற்கவில்லை.

கொஞ்ச நேரம். பிறகு அதுவும் அடங்கியது.

பானட்டைத் திறந்தார்கள். புல்லியில் உளுந்துச் செடி கொத்தாகச் சிக்கியிருந்தது. அஸார் அதைப் பிடுங்கக் கையை விட்டான்.

"இரு, சூடா இருக்..."

புல்லி சுற்றியது.

விரல்கள் போயின. மடக் மடக்கென்று ஒவ்வொன்றாக. பிறகு மணிக்கட்டு. ரத்தம் ஜாஹித்தின் முகத்தில் அடித்தது. அஸார் அலறினான். ஜாஹித் அவன் இடுப்பைக் கட்டி இழுத்தான். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அதைவிடப் பலமாக இழுத்தது.

எஞ்சின் ஓடவில்லை. சாவி ஜாஹித்தின் சட்டைப் பையில் இருந்தது.

கரையில் கிடந்த செடிக்குள் ஒரு கருக்கரிவாள் தெரிந்தது. எடுத்தான். புல்லியைச் சுற்றி ஓடிய கறுப்புப் பெல்ட்டை அறுத்தான்.

ரப்பர் மாதிரி அறுபடவில்லை.

நறுக்... நறுக்... நறுக்.

ஒரு பெண் அலறினாள். எஞ்சினுக்குள்ளிருந்து.

அஸாருக்கு அப்போது நினைவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்ற முடியவில்லை. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஹுமைராவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ஜாஹித் போனை வெறித்துக்கொண்டு வராந்தாவில் நின்றான். நர்ஸ் ஓர் எஃகுத் தட்டோடு வந்து, "காயத்துக்குள்ள இது சுத்தியிருந்துச்சு. என்னதுங்க?" என்று கேட்டாள்.

முடி. நீளமான முடி. இரண்டு கை நிறைய.

காதர் மைதீன் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் பிரிக்காத ஒரு கவர்.

"கேக்காம ஏன்டா எடுத்தீங்க? இருந்த பெல்ட்டு அளவு சேரல, இப்பதான் பார்சல்ல புதுசு வந்துச்சு. இன்னும் மாட்டவே இல்லையேடா. அது எப்படிடா சுத்தும்?"

ஜாஹித் தட்டைக் காட்டினான்.

காதர் மைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். 

"காளியம்மாள்னு பேரு. ரோட்டுல உளுந்துச் செடியைப் புரட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பேராவூரணி வண்டியை ஓட்டின பையன், புல்லி வெளிய தெரியணும்னு பானட்டை வெட்டி வச்சிருந்தான். அடிச்சதும் அந்தம்மா அது மேலதான் வந்து விழுந்துச்சு. தலைமுடியைத் தோலோட பிச்சு எடுத்திருச்சு."

ஜாஹித் முகத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தான்.

"எஞ்சினை அக்கக்காக் கழட்டினது நான்தான். ரோட்டுல கெடந்த செடியெல்லாம் உதறிப் பார்த்தாங்க. முடி மட்டும் கிடைக்கல தம்பி. அது இல்லாமத்தான் புதைச்சாங்க."