கேட்டுவிட்டுத் தொடுகிறவர்

அவர் கட்டுமாவடியில் மீன் ஏலம் விடுகிறவர். கத்திக் கத்திக் கம்மிப்போன குரல், வெயிலில் கறுத்த முகம். ஆனால் புதுக்கோட்டையில் என் கம்ப்யூட்டர் கடைக்குள் எதைச் செய்தாலும் கேட்டுவிட்டுத்தான் செய்தார். "உக்காரலாங்களா?" "ஃபேனைப் போட்டுக்கிறலாங்களா?"

துண்டில் சுற்றி ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்திருந்தார். மகள் கல்யாண வீடியோ அழிந்துவிட்டதாம். "அதுலதாங்க எஞ் சம்சாரம் பேசுறது இருக்கு. போன வருசம் தவறிருச்சுங்க."

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைக் கிளப்பி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். அனுமதி இல்லை என்று டிஸ்க்கைத் தொடவே மறுத்தது. மறுபடி ஓட்டினாலும் அதே பதில். எதையும் செய்யவிடும் ரூட் அதிகாரம் கொடுத்தால்தான் நடக்கும். கொடுத்தேன். அதன்பிறகு அது நான் சொன்ன எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"எடுக்குறத வேற எதுலயாச்சும் போடுவீங்களா? நாங்க ஒரு கூடையில பொறுக்குன மீனத் திரும்ப அதுலயே போடமாட்டோங்க" என்றார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், இருங்க" என்றேன்.

மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் வைக்க வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் வைக்கும் இடமாக அவர் டிஸ்க்கையே காட்டிவிட்டேன். மீண்டு வந்த ஏதேதோ படங்கள், அந்த வீடியோ கிடந்த இடத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டன. இனி அதை யாராலும் எடுக்க முடியாது.

சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவரோ துண்டை மடியில் விரித்துக்கொண்டு, என் மேசையில் கிடந்த தன் டிஸ்க்கைக் காட்டிக் கேட்டார்.

"எடுத்துக்கிறலாங்களா?"