பிறந்தநாள் பேனருக்குள் வெந்த தக்காளிச் செடிகள்

சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அண்ணி முதல்முறையாகத் தக்காளி போட்டிருந்தார். பன்னிரண்டு செடிகளும் பூ விட்ட நேரத்தில் மார்கழிக் குளிர் கடுமையானது. ஓசூரில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, "பனியில பூவெல்லாம் கொட்டிடும். சாயங்காலம் எதையாவது போட்டு மூடுடா" என்றார்.

நண்பர்கள் என் பிறந்தநாளுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் சும்மா கிடந்தது. கூலிங் கிளாஸ் போட்ட என் முகம் மேலே தெரியும்படி செடிகள்மேல் விரித்து, ஓரத்தில் கல் வைத்தேன். "உங்க தோட்டத்துக்கு நானே காவல்" என்று அண்ணிக்குப் போட்டோ அனுப்பினேன்.

மறுநாள் பேனரை எடுக்காமலே வேலைக்குப் போய்விட்டேன். காலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் பத்து மணிக்கு மேல் இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியம் சாப்பிட வந்து பேனரைத் தூக்கினால், இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல ஆவி அடித்தது. செடிகள் தலை தொங்கிக் கிடந்தன.

வேருக்குத் தண்ணீர் விட்டு, குடைகளை விரித்து நிழல் கொடுத்தேன். பிறகு அண்ணிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"பனிக்குத் தப்பிச்சிருக்கும்டா. உன் மூஞ்சியப் பாத்துதான் மயங்கிடுச்சு" என்றார். ஆனால் ஒவ்வொரு செடியும் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டார்.

மறுநாள் காலை எட்டுச் செடிகள் நிமிர்ந்துவிட்டன. நான்கு பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய காட்டன் புடவையைத்தான் போர்த்துகிறேன். ஓசூரிலிருந்து திரும்பிவிட்ட அண்ணி, வெயில் வந்ததும் அதை எடுத்தால்தான் எனக்குக் காபி தருகிறார். முதல் பிஞ்சு நேற்றுத் தெரிந்தது. அண்ணி என்னை அதைத் தொடக்கூட விடவில்லை.