வலை கட்டாத சிலந்தி

நான் பொய் சொன்னேன். ஐந்து வேளையும் தொழுகிற என் மாமியாரிடம், அவர் உயிராக மதிக்கும் ஒன்றை வைத்தே பொய் சொன்னேன். பொய் பலித்தது! அதை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது... வெட்கம் அதற்குப் பிறகுதான்.

புதுச்சேரியில் எங்களுடையது பழைய வீடு. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அந்தச் சிலந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. கால்களை விரித்தால் என் உள்ளங்கை அளவு. என் கணவர் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

"கடிச்சா கை அழுகிடுமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. தள்ளு."

நான் தள்ளவில்லை. உற்றுப் பார்த்தேன். தட்டையான பழுப்பு உடல், நண்டைப் போலப் பக்கவாட்டில் விரிந்த கால்கள், கண்களுக்குக் கீழே மீசை போல ஒரு வெளிர்ப் பட்டை. வயிற்றோடு அணைத்திருந்த வெள்ளை வில்லை... முட்டைப் பை! சந்தேகமே இல்லை, வேட்டைச் சிலந்தி, பெண். கரப்பானைத் தின்னும், மனிதரைக் கண்டால் ஓடும்.

விலங்கியல் இரண்டாம் ஆண்டோடு என் படிப்பைக் கல்யாணம் நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. அன்று இருந்தது! வாய் ஓயாமல் விளக்கினேன். யார் கேட்டார்கள்?

"ரெண்டு வருஷம் காலேஜ் போனவ சொல்றா" என்று அவர் துடைப்பத்தை ஓங்கினார்.

அப்போதுதான் மாமி வந்தார். எங்கள் பெரியவர்கள் சிலந்தியைக் கொல்ல மாட்டார்கள். நபிகள் நாயகம் குகையில் மறைந்திருந்தபோது அதன் வாயிலில் ஒரு சிலந்தி வலை பின்னிக் காத்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் இத்தனை பெரியதை மாமி கண்டதில்லை. தயங்கினார்.

"இது அந்த வலை கட்டுற இனந்தானா? படிச்சவ, நீ சொல்லு."

வேட்டைச் சிலந்தி வலை கட்டி இரை பிடிக்காது, துரத்தித்தான் பிடிக்கும். என் பெயரைப் போல அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் துடைப்பம் இறங்கியிருக்கும்... இறங்கியிருக்குமா? "முட்டையோட இருக்கு மாமி" என்று மட்டும் சொல்லியிருந்தால்? மாமி இரக்கமுள்ளவர். நான் அவரை நம்பிப் பார்க்கவில்லை.

"ஆமா மாமி, அதே இனந்தான். அதோ பாருங்க, அது கட்டுன வலை." ஜன்னல் மூலையைக் காட்டினேன். வேறேதோ ஒல்லிக்கால் சிலந்தியின் ஒட்டடை அது!

"துடைப்பத்தைக் கீழ போடுடா" என்றார் மாமி.

போட்டார். அந்தச் சத்தம் எனக்கு எப்படி இனித்தது தெரியுமா உங்களுக்கு!

பெரிய பிஸ்கட் டப்பாவில் ஓட்டைகள் போட்டு, உள்ளே ஒரு அட்டைத் துண்டும் ஈரப் பஞ்சும் வைத்து அதை வளர்த்தேன். முட்டைப் பையைச் சுமந்த நாட்களெல்லாம் அது ஒன்றுமே தின்னவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் டப்பா முழுவதும் கடுகு கடுகாகக் குஞ்சுகள்! நான் கூவிய கூவலில் கணவர் ஓடி வந்து பக்கத்தில் குந்தினார்.

"இதுங்க என்னா துன்னும்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்!

குஞ்சுகளைத் தோட்டத்திலும் தாயைச் சமையலறைக்குப் பின்னாலும் விட்டேன். இப்போது தெருவில் எந்த வீட்டில் சிலந்தி வந்தாலும் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புகிறார்கள். பெயர் சொல்கிறேன், அடிக்காதீர்கள் என்கிறேன். கேட்கிறார்கள். ஜெயித்துவிட்டேன்... ஆனால் ஜெயித்தது என் படிப்பா?

நோன்புக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்தோம். அந்த ஜன்னல் மூலையைத் தொட மாமி விடவில்லை. தொழுகையில் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமியிடம் கேட்க நாக்கு எழவில்லை.

போன வாரம், வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"என்ன பாயம்மா, வீடெல்லாம் பளபளன்னு கீது, அங்க மட்டும் ஒட்டடை தொங்குது?"

மாமி குகையின் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் கை காட்டினார். "அதே இனம்னு எம் மருமவதான் கண்டுபுடிச்சா. படிச்சவ. பொய் சொல்ல மாட்டா."

அந்த வீட்டில் என் படிப்பை ஒருவர் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் முறை. நான் நிமிராமல் மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன்.