ஒற்றைக் கைக் கும்பிடு

மாமா ஜீப் வாங்கப் போகிறார் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஹட்டனில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கராஜில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த மனிதர். ஆனால் வாங்கிவிட்டார், பொலிஸ் ஏலத்தில். கருநீல நிறம், பின்னால் கம்பி வலை, உட்கார்ந்தால் இடுப்பை ஒடிக்கிற சீட்டு. இஞ்சினைக் கழற்றிப் பூட்டி உயிர் கொடுத்தவர் பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. "அந்தக் கலருக்கே ஒரு கம்பீரம் இருக்குக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் கம்பீரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்கக் கிளம்பினோம். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த பிறகு அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. சித்தியின் முகமே தெரியாது. அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா அதற்காக ஒரு மஞ்சள் பிளானல் துணி வாங்கி, ஓரம் தைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "அந்தப் புள்ளைய ஒரு தடவ மடியில போட்டுப் பாத்துட்டா போதும்டா தம்பி" என்று வழியெல்லாம் இதே பேச்சு.

மாமா குளிருக்கென்று காக்கி கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். தலவாக்கலை தாண்டியதும் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைக் கண்டு இறங்கி, ரோட்டோரக் கானுக்குள் கால் வைத்து ஒதுங்கி நின்றார். மாமாவுக்கு வாய் காதுவரை போய்விட்டது. "பாத்தீங்களாக்கா மரியாதைய!"

மரியாதை ஏறிப்போனால் மாமாவுக்குக் கதை வரும். அன்று வந்தது பேய்க் கதை. "மருமகளே, இந்தப் பக்கத்துல ஒரு காலத்துல கொள்ளைநோய் வந்து லயத்தோட ஆளுங்க செத்துப் போனாங்க. பனி எறங்குனா தேயிலைக்குள்ள நின்னு பாப்பாங்க. பாத்தா வாயத் தொறந்துறாத. சொன்னீன்னு வையி, வண்டியில ஏறி நம்மகூடவே வந்துருவாங்க."

"புள்ளையப் பயமுறுத்தாதடா" என்றாள் அம்மா. நான் ஏற்கெனவே பயந்து முடித்திருந்தேன்.

வழியில் மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் குடியிருந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நிறுத்தினோம். ஒரு சனம் இல்லை. பீலியில் தண்ணீர் கொட்டி வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்மியில் பாதி அரைத்த சம்பல். "எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பாங்க" என்றார் மாமா. கோயிலைத் தாண்டித்தான் வந்திருந்தோம். அது பூட்டிக் கிடந்தது.

சித்தியின் தோட்டத்துக்கு ஏறும்போது பனி இறங்கிவிட்டது. லயத்துக் கதவுகள் வரிசையாக எல்லாம் திறந்து கிடந்தன. மாமா ஹார்ன் அடித்தார். நாய்கூடக் குரைக்கவில்லை. சித்தி குடியிருந்த அறைக்குள், அவளுடைய காம்பராவுக்குள் போனோம். அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தணலில் சுரீர் சுரீர் என்றது. மூலையில் சீலைத் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"சூடு இருக்குடா தம்பி."

ஐயோ, அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு சில்லிடும். கதை சொன்ன மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "வாங்கக்கா, போயிரலாம்" என்றார், பெரிய ஜீப்புக்குச் சொந்தக்காரர்.

அம்மா கிளம்பவில்லை. விறகை வெளியே இழுத்து, சோற்றை வடித்து, மூடி வைத்தாள். பிளானல் துணியைத் தொட்டிலுக்குள் விரித்தாள். பிறகு வாசலில் நின்று பனியைப் பார்த்துக் கத்தினாள். "ஏ புள்ள! அக்கா வந்திருக்கேன்டி! எங்கடி போன?"

"எங்கடி போன" என்று எதிர் மலை மட்டும் கேட்டது.

நான் மூத்திரம் போக லயத்துக்குப் பின்னால் போயிருந்தேன். எழுந்து திரும்பினால், தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு பெண்ணின் தலை. முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள். அவள் மெதுவாக ஒரு கையை மட்டும் முகத்துக்கு நேரே உயர்த்திக் கும்பிட்டாள். சாமியைக் கும்பிடுவதுபோல, என்னை. பெரியவர்களை இரண்டு கையாலும் கும்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயத்திலும், இந்தப் பேய்க்கு ஒற்றைக் கைதான் போலிருக்கிறது என்று தோன்றியது. நான் இரண்டு கையாலும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்து ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வண்டியில் ஏறிவிடுமே!

திரும்பும் வழியில் ஒரு ரோட்டு முடக்கில் அம்மா நிறுத்தச் சொன்னாள். இறங்கி, தள்ளிப் போய் நின்று, ஜீப்பையும் அதற்குள் தொப்பியோடு உட்கார்ந்திருந்த தம்பியையும் நெடுநேரம் பார்த்தாள். "இதுக்கு வேற பெயின்ட் அடிடா பாவி" என்று மட்டும் சொன்னாள். ஹட்டன் வரும்வரை அழுதாள். மாமா அந்த வாரமே ஜீப்புக்கு மஞ்சள் அடித்துவிட்டார். பேயை விரட்டத்தான் மஞ்சள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தோட்டங்களில் வேலை செய்த எங்கள் ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை என்று ஆகிவிட்டிருந்த வருடங்கள் அவை. இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவர்கள், கள்ளத்தோணி என்று பெயர் வைத்து ஆட்களைப் பிடித்துப் போகப் பொலிஸின் கருநீல ஜீப்தான் லயங்களுக்கு ஏறி வரும். சித்தப்பாவிடமும் காட்ட ஒரு கடதாசி இல்லை. இதெல்லாம் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரியாததல்ல. ஆனால் ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, ஜீப் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று தோன்றுமா?

சில மாதம் கழித்துச் சித்தி பிள்ளையோடு ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை அந்த மஞ்சள் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஆசை தீர மடியில் போட்டுக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அந்த முகத்தைப் பார்த்தேன். அதே முகம்தான்.

"நான் கூப்புட்டது கேக்கலியாடி?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சுக்கா. போன தடவ பொலிஸ்காரங்க பக்கத்து லயத்துக்காரியப் புடிச்சு, அவளவிட்டுத்தான் கூப்புட வச்சாங்க. ஒங்களையும் அப்புடிப் புடிச்சுக் கொண்டாந்துட்டாங்கனு நெனச்சேன். ஒங்க புள்ள வேற என்னையப் பாத்துருச்சு. காட்டிக் குடுத்துறாத தாயினு கும்புட்டேன்."

அவளுக்கு இரண்டு கையும் இருப்பதைக் கண்டதும் என் பயம் போய்விட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "ஏன் சித்தி ஒத்தக் கையால கும்புட்டீங்க?" என்று கேட்டேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மா மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"மத்தக் கை இவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்துச்சு சாமி."

அம்மா ஏன் பிள்ளையை அப்படி இறுக்கிக்கொண்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.