ப்ரோனெக் சிகோராவின் சொந்தக் கட்டில்

ப்ரோனெக் சிகோரா போலந்திலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்தது கார் செய்வதற்கு அல்ல. தனக்கே தனக்கென்று ஒரு கட்டில் வாங்குவதற்கு. ஊரில் அண்ணன் தம்பிகளோடு ஒரே வைக்கோல் மெத்தையில் கிடந்தவன். பாவம், இங்கே வந்து என் வீட்டில் மாட்டினான்.

கார் தொழிற்சாலை புதிதாக ஒரு கட்டடம் எழுப்பினால், மறுநாளே எங்கள் தெருவில் ஆட்கள் படுக்க இடம் கேட்டு நிற்பார்கள். வீடு என்ன ரப்பரா, இழுக்க? நானும் மற்ற வீட்டுக்காரிகளைப் போலக் கட்டிலை ஷிப்டுக்கு வாடகைக்கு விட்டேன். பகல் ஷிப்டு ப்ரோனெக் இரவில் படுப்பான். இரவு ஷிப்டு வாலென்டி பகலில் படுப்பான். ஒருவன் எழுந்த சூட்டிலேயே மற்றவன் விழுவான். சனி இரவு இருவருக்கும் லீவு; அன்று மட்டும் முறை வைத்து ஒருவனுக்குச் சமையலறைத் தரை.

வாசலில் எதிர்ப்படும்போதெல்லாம் சண்டை.

“தலையணை பூரா புகையிலை நாத்தம்டா!” என்பான் ப்ரோனெக்.

“உன் கால் நாத்தத்துக்கு அதுதாண்டா மருந்து.”

ஏழு வருடம் இப்படியே ஓடியது. பிறகு ப்ரோனெக் ஒரு சின்ன வீடும் பித்தளைக் கட்டிலும் வாங்கினான். தெருவையே கூப்பிட்டுக் கட்டிலைக் காட்டினான். யாரையும் உட்கார விடவில்லை.

சில நாள் கழித்து விடிகாலையில் கண் சிவக்க என் சமையலறையில் வந்து நின்றான்.

“தூக்கமே வரல அக்கா. தகடு அமுக்குற மெஷின்ல நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். கை தப்பினதே பெருசு. இன்னொரு தடவை பாத்தா வீட்டுக்குப் போன்னுட்டான் மேஸ்திரி.”

“கட்டில்ல என்னடா குறை?”

“சில்லுனு கிடக்குது.”

படுக்கையில் வைத்துக்கொள்ளச் செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தான். “இதுல புகையிலை வாசம் இல்லியே” என்றான்.

அன்று மாலை என் புருஷனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோயிருந்தேன். தொழிற்சாலை வாசலில் வாலென்டியை ப்ரோனெக் மறித்துக்கொண்டிருந்தான்.

“என் வீட்டுக்கு வந்துடு. வாடகை வேணாம்.”

வாலென்டி சந்தேகமாகப் பார்த்தான். “புது விரிப்பாச்சே, புகையிலை நாத்தம் ஒட்டுமே?”

“ஒட்டட்டும், வாடா.”

அன்றிலிருந்து ப்ரோனெக் நன்றாகத் தூங்குகிறான். மேஸ்திரியும் ஒன்றும் சொல்வதில்லையாம். ஏழு வருடம் முட்டைக்கோஸ் சூப் வைத்துப் போட்டவளிடம் வாலென்டியைக் கூட்டிப்போகும் முன் ஒரு வார்த்தை கேட்டானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்குப் புது ஆட்கள் இரண்டு பேர் வருகிறார்கள். விரிப்பை மாற்றலாமென்று அவர்கள் இருந்த அறைக்குப் போய்க் கட்டிலில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. அதிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, விரிப்பை மாற்றாமல் வந்துவிட்டேன்.