சுண்ணாம்புச் சுவர் தின்ற புகை

எடப்பாடி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி. வெள்ளை வேட்டி ஓட்டுகிறேன். அந்தப் பக்கம் என் மனைவியின் அண்ணன் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

மச்சான் கொலுசுப் பட்டறைகளில் கூட்டி அள்ளுகிற குப்பையை வாங்குவார். வீட்டுப் பட்டறையிலேயே அதை எரித்து, மிஞ்சினதை ஆசிட்டில் போட்டு வெள்ளியைப் பிரிப்பார். கேனில் நைட்ரிக் என்று எழுதியிருக்கும். ஊற்றியதும் செம்மஞ்சளாகப் புகை எழும்பும். மூக்கில் ஏறினால் தொண்டை வரை அரிக்கும். வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. மார்கழிப் பனியில் அது மேலே போகாது. எங்கள் கூரைக்கடியில் வந்து படுத்துக்கொள்ளும். அந்த வாடையோடுதான் சோறு தின்றோம்.

முதலில் ஜன்னல் கம்பியில் பெயின்ட் உரிந்தது. பிறகு தறியில் அச்சு துருவேறியது. அச்சு என்றால் பாவு நூலைப் பிரித்து நிறுத்தும் இரும்புச் சீப்பு. அதில் துரு இருந்தால் வேட்டியில் பழுப்புக் கோடு விழும். துவைத்தாலும் போகாது.

நூல் கொடுக்கும் முதலாளி வேட்டியை விரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, வெத்தல போட்டுத் துப்பி வெச்சாப்ல இருக்குது? இன்னொருக்கா இப்படி வந்தா நூல் கெடையாதுங்க."

மச்சானிடம் சொன்னேன். சிரித்தார்.

"உள்ளாற ரெண்டு பூச்சு சுண்ணாம்பு அடிங்க மாப்ள. ஆசிட்ட அது தின்னுப்போடும். பட்டறையில ஆசிட் கொட்டுனா நாங்க சுண்ணாம்பத்தான் போடறோம்."

பொங்கலுக்கு அடிக்க வேண்டியதை முன்னாலேயே அடித்தேன், கெட்டியாக. தின்றது வாஸ்தவம். தின்றுவிட்டு வியர்க்க ஆரம்பித்தது. ஆசிட்டைத் தின்ற சுண்ணாம்பு ஒரு மாதிரி உப்பாகிவிடுகிறது. அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது. மழையில்லாமல் சுவர் நனைந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. துப்பினேன். ஊறின சுண்ணாம்பு பத்தை பத்தையாகக் குழம்புச் சட்டியில் விழுந்தது. அந்த ஈரத்தில் அச்சு இன்னும் வேகமாகத் துருப்பிடித்தது.

பொங்கலுக்கு மச்சான் தங்கைக்குச் சீர் கொண்டுவருவார். பதிலுக்கு எங்கள் தறியில் ஓட்டின வேட்டி ஒன்று கொடுப்போம். இந்த முறை என் மனைவி கறை விழுந்ததையே தட்டில் வைத்து நீட்டினாள்.

"என்ன புள்ள இது? அண்ணனுக்குக் குடுக்கற வேட்டியா?"

"உங்க பொகையில நெய்ஞ்சதுங்கண்ணா. கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போங்க. எல்லாரும் பாக்கட்டும்."

மச்சானின் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மச்சான் முகம் சுண்டிப்போனது.

அடுத்த வாரம் பட்டறையில் உயரமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் ஏறியது. புகையை உறிஞ்சித் தள்ள ஒரு ஃபேன். புகை எங்கள் கூரையைத் தாண்டிப் போனது. சுவரைச் சுரண்டினேன். புது அச்சு மாட்டினேன். வேட்டி பால் மாதிரி வந்தது. முதலாளி நூல் இறக்கினார்.

"இப்பத் திருப்திங்களா மாப்ள?"

"தாண்டிப் போயி எங்க எறங்குது மச்சான்?"

"உங்களுக்கு அந்தாண்ட ஊட்டு மேல. அவங்க நமக்கு என்ன ஒறவா, சனமா?"

அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதன் துணியெல்லாம் மாடியில்தான் காயும். மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. தறியில் வெள்ளை வெளேரென்று ஏறிக்கொண்டிருந்த வேட்டியைப் பார்க்கவும்தான்.

தறியை நிறுத்தினேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய் அந்த வீட்டுக்காரரிடம் குழாயைக் காட்டினேன்.

"உங்க மச்சான் பட்டறைதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க. வாங்க, போய்க் கேப்போம்."

குழாயை இறக்கினால் புகை மறுபடி எங்கள் மேல்தான். நூல் நின்றுவிடும். தெரிந்துதான் போனேன். என் மனைவி எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

பட்டறையை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னோம். இன்னும் கொண்டுபோகவில்லை. காலையில் மூன்று பேரும் மச்சான் வாசலில் போய் நிற்கிறோம். நாங்கள் நிற்கும்வரை கேனைத் திறப்பதில்லை.